செவலை போன வழி

கோயில் காளை செவலை நடுக்கடலில் நின்றுகொண்டிருந்தது.

கட்டுமாவடிப் படகுகள்கூடப் போகாத தூரம் அது. அங்கே நூறு நாளாக, அரை மணிக்கு ஒரு தடவை வருகைப் பதிவு கொடுத்துக்கொண்டு காளை நிற்கிறது என்று செம்மலின் கணினி அடித்துச் சொன்னது.

"மாட்டுக்கு நீச்சல் தெரியும் தம்பி," என்றார் நல்லதம்பி. "ஆனா நூறு நாளு தாங்குமாங்கிறதுதான் சந்தேகம்."

"அண்ணே, கொஞ்சம் சும்மா இருங்க."

"சும்மாதான் இருக்கேன். டீ வாங்கியாரவா?"

மணி காலை எட்டு. சாயங்காலம் நாலு மணிக்கு டாக்டர் ராஜலட்சுமி வருகிறார். நாரைகள் எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று ஆராய்கிற அமைப்பின் தலைவி. நாரைகளின் முதுகில் கட்ட, போகிற இடத்தைக் குறித்து வைக்கும் இருநூறு பெட்டிகள் அவருக்கு வேண்டும். சோதனைக்காகச் செவலைக்குக் கட்டக் கொடுத்த பெட்டி, செம்மல் செய்தது, நூறு நாள் ஒழுங்காக வேலை செய்தது என்று இன்று காட்டிவிட்டால் அந்த இருநூறும் இலுப்பூரில், உரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் இந்த ஒற்றை அறையில் உருவாகும். காட்டாவிட்டால் வெளிநாட்டிலிருந்து வரும். செம்மலும் மூன்று வருஷத்துக்கு முன்னால் விட்டுவிட்டு வந்த பெங்களூர் வேலைக்கே பெட்டி படுக்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

பெட்டி என்று பெயரே தவிர, அது தீப்பெட்டியைவிடச் சின்னது. உள்ளே ஒரு சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி. அதை வைத்துக்கொண்டு நூறு நாள் ஓட வேண்டும். நம் கைப்பேசியில் வழிகாட்டியைப் போட்டுக்கொண்டு திருச்சி போய் வந்தாலே பேட்டரி பாதியாகிவிடுகிறதே, அது எப்படி என்று எல்லாரும் கேட்பார்கள். கேட்டால் போதும், செம்மலுக்குச் சாப்பாடு வேண்டாம்.

"கைப்பேசி என்ன பண்ணுது? செயற்கைக்கோள் பேசுறதை விடாம கேக்குது. கேட்டுக்கிட்டே கணக்கும் போடுது. கணக்குப் போடத்தான் கரண்ட் வேணும். நம்ம பெட்டி கணக்கே போடாது. முழிக்கும், கேக்கும், கேட்டதை அப்படியே எழுதி வச்சுக்கிட்டுத் தூங்கிடும். கணக்கை நம்ம வீட்டுல, பிளக்குல சொருகின கம்ப்யூட்டர்ல, ஆற அமரப் போட்டுக்கலாம்."

"எம்புட்டு நேரம் கேக்கும்?" என்று முதல் நாளே கேட்டிருந்தார் நல்லதம்பி. முப்பது வருஷம் ரேடியோ ரிப்பேர் பார்த்துவிட்டுச் செம்மலிடம் வேலைக்கு வந்தவர். ஈயம் வைத்துப் பற்றவைப்பதில் அவர் கைக்கு ஈடு இந்த மாவட்டத்தில் கிடையாது.

"ஒரு செகண்டை ஆயிரமாப் பங்கு போட்டா, அதுல பன்னெண்டு பங்கு."

"கண்ணு சிமிட்டுற நேரமா?"

"கண்ணு சிமிட்டுறதுக்குள்ள பத்துத் தடவைக்கு மேல கேட்டு முடிச்சிடும். நூறு நாளுக்கு நாலாயிரத்து எண்ணூறு தடவை முழிக்குது. எல்லாத்தையும் கூட்டினா அது முழிச்சிருந்த நேரம் ஒரு நிமிஷம்கூட இல்லண்ணே!"

நல்லதம்பி கையிலிருந்த பற்றவைப்புக் கோலை அணைக்க மறந்து நின்றுவிட்டார். நூறு நாள் ஒரு மாட்டின் கூடவே இருந்து, மொத்தத்தில் ஒரு நிமிஷம்கூடக் கண் திறக்காமல், அது போன இடமெல்லாம் தெரியும் என்கிற ஒன்றை அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

செம்மலுக்கே தினமும் அதை நினைத்தால் மெய் சிலிர்க்கும். இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள். அது அனுப்புகிற அலையின் பலம், பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவுதான். அது பூமிக்கு வந்து சேரும்போது வெற்று இரைச்சலைவிட மெலிந்து போயிருக்கும். திருவிழாக் கூட்டத்தில் எங்கோ ஒருவன் விரலால் தொடையில் தட்டுகிற தாளம் மாதிரி. யாருக்கும் கேட்காது. ஆனால் அந்தத் தாளம் நமக்கு முன்கூட்டியே மனப்பாடம் என்றால்? அதே தாளத்தை நாமும் தட்டி, இரைச்சலோடு உரசி உரசிப் பார்த்தால், ஓரிடத்தில் டக்கென்று பொருந்தும். அதோ இருக்கிறான்! ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் ஒரு தனித் தாளம். நாலைந்து பேர் பொருந்திவிட்டால் நாம் நிற்கிற இடம் வந்துவிடும்.

வந்துதான் இருந்தது. நடுக்கடலில்.

"வெயில்தான் காரணம்," என்றார் செம்மல் திடீரென்று.

"வெயிலா?"

"பெட்டிக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுதுல்ல? எந்நேரத்துல கேட்டோம்னு அதுதான் குறிச்சு வைக்குது. நம்ம ஊரு வெயில்ல அது மெதுவா ஓடியிருக்கும். நேரம் தப்பினா இடமும் தப்பும். பெட்டிக் கடிகாரம் இப்ப எம்புட்டு பின்தங்கியிருக்குன்னு பாத்தாத் தெரிஞ்சிடும். எங்க, குடுங்க."

நல்லதம்பி பெட்டியைக் கொடுத்தார். அதில் உயிரே இல்லை.

"பேட்டரி?"

"நேத்து பஸ் ஸ்டாண்டுல அந்தக் கோயில் செவந்திகிட்ட கழுத்துப் பட்டையை வாங்கினதுமே கழட்டிட்டேன். எதுக்கு வீணா ஓடணும்? நீங்கதானே கரண்டைச் சொட்டுச் சொட்டாச் சேமிக்கணும்பீங்க."

செம்மல் தலையில் கை வைத்தார். எழுதி வைத்த பதிவுகள் பத்திரமாக இருந்தன. கடிகாரம்தான் நின்று போயிருந்தது. இனி எவ்வளவு பின்தங்கியது என்று உத்தேசமாகத்தான் போட வேண்டும். நூறு நாள், புதுக்கோட்டை வெயில், மூன்று நிமிஷம் என்று வைத்துக்கொண்டார். எல்லாப் பதிவுகளோடும் மூன்று நிமிஷத்தைக் கூட்டிக் கணினியை ஓடவிட்டார்.

முக்கால் மணி நேரம் கழித்துக் காளை இன்னும் கிழக்கே போயிருந்தது.

"அந்தமான் போற கப்பல் வழி இதுதானே?" என்றார் நல்லதம்பி, திரையில் மூக்கு ஒட்ட.

"அண்ணே!"

"இல்ல, வழியில ஒதுங்கினா ஏதாச்சும் புல்லு கில்லு கெடைக்குமான்னு பாத்தேன்."

செம்மல் எழுந்து அறைக்குள் மூன்று சுற்றுச் சுற்றினார். நேரத்தைக் கூட்டினால் தூரம் அதிகமாகிறது. அப்படியென்றால் பெட்டிக் கடிகாரம் பின்தங்கவில்லை, முந்தி ஓடியிருக்கிறது. அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. வெயிலுக்கு எந்தக் கடிகாரம் முந்தி ஓடும்?

"அண்ணே, முதல் நாள் பெட்டிக்கு நேரம் வச்சது யாரு?"

"நான்தான்."

"எதைப் பாத்து வச்சீங்க?"

நல்லதம்பி சுவரைக் காட்டினார். சுவர்க் கடிகாரம் பத்தே முக்கால் காட்டியது. செம்மலின் கைப்பேசியில் பத்து முப்பத்தைந்து.

"அது பத்து நிமிஷம் முன்னாடி ஓடுதேண்ணே!"

"ஆமா. நீங்கதான் திருப்பி வச்சீங்க, நான் லேட்டா வாரேன்னு."

"அப்ப அதைப் பாத்து ஏன் வச்சீங்க?"

"ஆபீஸ் பெட்டிக்கு ஆபீஸ் டைம்தானே தம்பி வைக்கணும்? என் வீட்டுக் கடிகாரத்தைப் பாத்து வச்சிருந்தாப் பதினஞ்சு நிமிஷம் போயிருக்கும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. இலுப்பூர் முழுக்க எந்தக் கடை, எந்த வீடு, எந்தப் பள்ளிக்கூடம் போனாலும் கடிகாரம் பத்துப் பதினைந்து நிமிஷம் முன்னாடிதான் ஓடும். பார்க்கிறவர்கள் மனத்துக்குள் கழித்துக்கொள்வார்கள். கழித்துப் பார்க்கிற பழக்கம் ஊரில் எல்லாருக்கும் உண்டு. செயற்கைக்கோளுக்குத்தான் இல்லை.

"ஒரு செகண்டுக்கு நாலு கிலோமீட்டர் பறக்குதுண்ணே அது," என்றார் செம்மல். கோபப்பட ஆரம்பித்தவர், பாதியிலேயே வியப்பில் விழுந்துவிட்டார். "பத்து நிமிஷத்துல சென்னையிலேருந்து டெல்லியத் தாண்டிப் போயிடும். பெட்டி கேட்டப்ப அது ஒரு இடத்துல இருந்திருக்கு. நம்ம கணக்குல அது டெல்லிக்கு அங்கிட்டு இருக்கு. காளை கடலுக்குள்ள போகாம என்ன பண்ணும்?"

"ஒரு செகண்டுக்கு நாலு கிலோமீட்டரா!" நல்லதம்பி கூரையைப் பார்த்தார். கூரைக்கு மேல் அது போய்க்கொண்டிருப்பது தெரிகிற மாதிரி. "கொடும்பாளூர்லேருந்து இங்க வாரதுக்குள்ள நம்ம டவுன் பஸ் நாலு தடவை மூச்சு வாங்குது."

செம்மல் கூட்டிய மூன்று நிமிஷத்தை எடுத்துவிட்டுப் பத்து நிமிஷத்தைக் கழித்தார். கணினி ஓடியது. ஓடி முடித்தபோது மணி பன்னிரண்டு.

காளை கரையேறியிருந்தது. கடலைத் தாண்டி, அறந்தாங்கியைத் தாண்டி, கொடும்பாளூர்ப் பக்கம் வேப்பங்குளம்பட்டிக்கே வந்து சேர்ந்திருந்தது.

நல்லதம்பி கைதட்டினார். செம்மல் தட்டவில்லை. வரைபடத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.

நாலாயிரத்து எண்ணூறு புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக, வேப்பங்குளம்பட்டிச் சிவன் கோயில் வாசலில் குவிந்து கிடந்தன. பக்கத்து வீட்டுக்குக்கூட ஒன்று போகவில்லை.

"படுத்திருந்திருக்கும்," என்றார் நல்லதம்பி.

"நூறு நாளாவா? நம்ம போனப்பப் பாத்தீங்கள்ல?"

பார்த்திருந்தார்கள். நூறு நாளுக்கு முன்னால் பட்டையோடு அந்த ஊருக்குப் போனபோது, செவலை இரண்டு பேரையும் வயல் முழுக்கத் துரத்தி, மோட்டார் கொட்டகைக் கூரையில் ஏற்றிவிட்டுத்தான் ஓய்ந்தது. கோயில் வாசல் பெருக்குகிற செவந்தி வந்து, "ஏ, வாடா இங்கிட்டு," என்று கூப்பிட்ட பிறகுதான் அவர்களால் இறங்க முடிந்தது. அவளைத் தவிர யாரும் அதன் பக்கத்தில் போக முடியாது. அதனால் பட்டையை அவள் கையிலேயே கொடுத்து, கட்டிவிடுங்கள், நூறு நாள் கழற்றாதீர்கள் என்று செம்மல் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். ஏழெட்டு ஊருக்கு மேய்ந்து திரிகிற அந்தக் காளை, கோயில் வாசலைவிட்டு நகரவில்லை என்று யாராவது சொன்னால் அந்த ஊரே சிரிக்கும்.

"எனக்குப் புரிஞ்சிடுச்சு," என்றார் செம்மல் மெதுவாக. "கணக்குப் போட ஆரம்பிக்கிறப்ப, உத்தேசமா எந்த ஊருன்னு கம்ப்யூட்டருக்கு நம்ம ஒரு இடம் சொல்லணும். நான் கோயிலைச் சொன்னேன். அது கஷ்டப்படாம நான் சொன்னதையே திருப்பிச் சொல்லுது. ஆமாஞ்சாமி!"

"கம்ப்யூட்டருமா அப்படி ஆயிடுச்சு?"

"நான் எழுதின புரோகிராம்தானே. ரொம்பக் கண்டிப்பா எழுதிட்டேன்."

அதையும் அவர் விளக்கினார். பஞ்சாயத்தில் பத்துப் பேர் சாட்சி சொல்ல வருகிறார்கள். ஆறு பேர் சொல்வது ஒத்துப்போகிறது. மற்ற நாலு பேர் முணுமுணுக்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்றே தெளிவாகக் கேட்கவில்லை. செம்மலின் புரோகிராம் அந்த நாலு பேரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஒத்துப்போகிற ஆறு பேரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லும்.

"அந்த நாலு பேருதான் உண்மையச் சொல்லியிருப்பாங்களோ?" என்றார் நல்லதம்பி.

"அதேதான்! காளை மரத்தடிக்குப் போகுது, ஓடைக்குள்ள எறங்குது. அங்கெல்லாம் சத்தம் மெலிசாத்தான் வரும். மெலிசா வந்ததையெல்லாம் நான் தொரத்திவிட்டுட்டேன்."

செம்மல் கதவைத் திறந்துவிட்டார். யார் முணுமுணுத்தாலும் உள்ளே வரலாம் என்று புரோகிராமை மாற்றினார். இரண்டு மணிக்கு முதல் படம் வந்தது. கோயில் வாசலிலிருந்த குவியல் கொஞ்சம் கலைந்திருந்தது. இன்னும் கொஞ்சம் திறந்தார். புள்ளிகள் தெருவுக்கு வந்தன. இன்னும் திறந்தார்.

புள்ளிகள் கண்மாய்க்குப் போயின. வயல்களுக்குப் போயின. கொடும்பாளூர் மூவர் கோயிலுக்குப் போயின. இலுப்பூர்ச் சந்தைக்கே வந்துவிட்டன. நேர வரிசையில் கோடு போட்டு இணைத்ததும் திரை முழுக்க ஒரு பெரிய கோலம் விரிந்தது. நூறு நாள் ஓர் உயிர் இந்த மண்ணில் நடந்த நடை!

செம்மலுக்குக் கண் கலங்கியது. "நடக்குதுண்ணே," என்றார்.

"நடக்குது தம்பி," என்றார் நல்லதம்பி.

சாயங்காலம் நாலு மணிக்கு, வேப்பங்குளம்பட்டிச் சமுதாயக்கூடத்தில் ஜன்னல்களைச் சாத்தி, வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டித் திரையாக்கியிருந்தார்கள். ஊரே வந்திருந்தது. முதல் வரிசையில் ஊர்த் தலைவரான அம்பலம் பழனிச்சாமி, துண்டை மடித்துத் தோளில் போட்டு, சம்பந்தி வீட்டார் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் டாக்டர் ராஜலட்சுமி. கழுத்தில் தொலைநோக்கி, கையில் குறிப்பேடு. அதிகம் சிரிக்காத முகம்.

கோலம் திரையில் விழுந்ததும் கூடத்தில் ஒரே சத்தம்.

"அடேங்கப்பா, இம்புட்டுத் தூரமா!"

"பாரு, நம்ம கண்மாய்! தண்ணி குடிக்க எறங்கியிருக்கு!"

"இது என் கடலைக் கொல்லைல்ல? அதான் ஒரு செடி தங்கல!"

செம்மல் கோலை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். நூறு நாளில் பெட்டி விழித்திருந்தது ஒரு நிமிஷத்துக்கும் குறைவு என்று சொன்னபோது கூடம் அடங்கிப்போனது. ஒரு குழந்தைகூட அழவில்லை. இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து, குண்டு பல்பு அளவு பலத்தோடு, நம் ஊர் மாட்டை ஒன்று விசாரித்துக்கொண்டிருந்தது என்றபோது பழனிச்சாமி தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

டாக்டர் ராஜலட்சுமி மட்டும் புருவத்தை நெரித்தார். "ஒரு நிமிஷம். இந்த இடத்துல அரை மணி நேரத்துல பதினெட்டு கிலோமீட்டர் போயிருக்கே? மாடு எப்படி அவ்வளவு வேகமாப் போகும்?"

செம்மல் அந்தப் புள்ளிகளைப் பார்த்தார். வாயைத் திறப்பதற்குள் பழனிச்சாமி எழுந்துவிட்டார்.

"மேடம், நீங்க பால் மாட்டைப் பாத்திருக்கீங்க. இது வாடிவாசலைவிட்டு வந்தா மூணு வருஷமா ஒருத்தன் கை திமில்ல படாத காளைங்க. இது நடக்காது. பறக்கும்."

கூடம் அதிரக் கைதட்டல்.

"சரி, இங்க, மூவர் கோயில்கிட்ட ரெண்டு மணி நேரம் நின்னுருக்கு?"

"சாமி கும்பிட்டிருக்கும்," என்றது கூட்டம்.

"இந்தப் பக்கத்து ஊருல மூணு நாள்?"

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டது. "அங்க ஒரு வெள்ளைக் கெடேரி இருக்குங்க," என்றார் பழனிச்சாமி தலையைச் சொறிந்துகொண்டு. "அதை விடுங்க மேடம்."

டாக்டர் ராஜலட்சுமி முதல் தடவையாகச் சிரித்தார். திரைக்கு அருகில் போய் அந்தக் கோலத்தையே வெகுநேரம் பார்த்தார். "இருபத்தஞ்சு வருஷமாப் பறவைகளுக்குப் பின்னாடி அலையுறேன்," என்றார். "ஒரு உயிரோட மனசுக்குள்ள புகுந்து பாத்த மாதிரி இருக்கு, மிஸ்டர் செம்மல். இருநூறும் நீங்களே செய்யுங்க."

நல்லதம்பி செம்மலைக் கட்டிக்கொண்டார். யாரோ விசில் அடித்தார்கள்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் பாத்துக்கணும்," என்றார் டாக்டர், குறிப்பேட்டைத் திருப்பி. "நாரைக்குத் தோல் ரொம்ப மென்மை. பட்டை உராய்ஞ்சு காயம் ஆகக்கூடாது. காளைக்கு அதைக் கட்டினது யாரு?"

"செவந்தி! ஏ செவந்தி! மேடம் கூப்பிடுறாங்க, முன்னாடி வா!"

கூட்டம் வழிவிட்டது. செவந்தி கடைசி வரிசையில், தூணோரமாக நின்றிருந்தாள். இவ்வளவு நேரமும் அவள் கை தட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் இரண்டும் நனைந்திருந்தன.

"சொல்லும்மா," என்றார் டாக்டர். "நூறு நாள் பட்டை கெடந்துச்சே, கழுத்துல புண்ணு எதுவும் ஆச்சா?"

"கல்லுல ஏதுங்க புண்ணு?" என்றாள் செவந்தி.

"கல்லுலயா?" என்றார் டாக்டர்.

"நேந்துவிட்ட மாட்டுக் கழுத்துல வாரு, கயிறு எதுவும் ஏத்தக்கூடாதுங்க, சாமி குத்தம். சார் கும்பிட்டுக் கேட்டாக, அதையும் தட்ட முடியல. அதான் அன்னைக்கே கோயில் வாசல்ல இருக்க கல்லு நந்தி கழுத்துல கட்டிட்டேன்... தெனமும் நான்தானே பக்கத்துல நின்னு பெருக்குறேன், தாயே, அது எந்திரிச்சு இலுப்பூர் வரைக்கும் போயிட்டு வந்தது ஒரு நாளாச்சும் இந்தப் பாவி கண்ணுல படலையே!"